கழுத்தில் பட்ட காற்று

மிலாதினின் ஜாக்கெட்டைப் போலீஸ் பிளாஸ்டிக் பையில் போட்டு முத்திரை வைத்திருந்தது. மிலாதினையும் பையில் போட்டுக் கட்டாததுதான் குறை.

அவன் தங்கை ரூஷா காலையில் எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். புதிய பெல்கிரேடில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அடியில் பழைய பதுங்கறை ஒன்று இருக்கிறது. குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டியது. அதற்குள் ஒரு பேய்ப்படம் எடுக்கிறார்கள். முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை அந்த ஓர் அறைதான் படம். விளக்கு, மின்சாரம், ஹீட்டர் எல்லாம் மிலாதின் பொறுப்பு. முந்தாநாள் கதாநாயகி தியோதோராவை உள்ளே தனியாக வைத்துக் கதவைச் சாத்திப் படம் பிடித்தபோது காஸ் ஹீட்டரின் விஷக்காற்று அறையில் தேங்கிவிட்டது. அவள் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

அந்த அறைக்கு இருந்த ஒரே காற்றுத் துவாரத்தில் மிலாதினின் ஜாக்கெட் திணிக்கப்பட்டிருந்தது. ஹீட்டரும் அவனுடையது, ஜாக்கெட்டும் அவனுடையது. போலீஸுக்கு வேறென்ன வேண்டும்? மாலையில் நீதிபதி முன்னால் நிறுத்துகிறார்கள். அந்தப் பெண் பிழைக்காவிட்டால் அவன் வெளியே வரும்போது தலை நரைத்திருக்கும்.

"அந்த ஓட்டையைத் திறந்ததே எங்கண்ணன்தான்க்கா," என்றாள் ரூஷா. "மூடி துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. ஹீட்டர் வைக்கிற இடத்துல காத்து வேணும்னு சுத்தியலால தட்டித் தட்டித் திறந்தான். திறந்தவனே அடைப்பானா?"

டோப்ரிலா அக்கா சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைத் துப்பினாள். அவள் யோசிக்கிறாள் என்பதற்கு அதுதான் அடையாளம். யோசிக்காதபோதும் அதையேதான் செய்வாள் என்பது வேறு விஷயம்.

"அன்னிக்குக் காத்து எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"கோஷாவாக்கா. ஆளையே தூக்கிட்டுப் போற காத்து."

டோப்ரிலா அக்கா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். நான் கார்ச் சாவியை எடுத்தேன். என் பெயர் கோஸ்தா. கார் ஓட்டுவது, கதவைத் தட்டுவது, அடி விழுந்தால் முதல் அடியை வாங்குவது எல்லாம் என் வேலை. இந்தத் தொழிலில் மூளை அவளுடையது, வாய் என்னுடையது.

படத்தின் இயக்குநர் ரஸ்த்கோவைக் காபிக்கடையில் பிடித்தோம். இதுவரை இரண்டு படம் எடுத்தவன். ஒன்று முழுக்க லிஃப்டுக்குள் நடக்கும், இன்னொன்று கழிவறைக்குள். செலவு குறைவு, அலறல் அதிகம். அடுத்த படம் செருப்புப் பெட்டிக்குள்ளா சார் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். எனக்கும் அவனைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்காமல் போயிற்று, கணக்கு நேர்.

"பயம்ங்கிறது பெரிய இடத்துல வராது மேடம்," என்று டோப்ரிலா அக்காவிடம் பாடம் நடத்தினான். "சின்ன இடத்துல, கதவைச் சாத்தின பிறகுதான் வரும். அதை நான் படிச்சிட்டு வந்தவன்."

மிலாதினைப் பற்றிக் கேட்டதும் வாய் நிற்கவில்லை. குடிகாரன், சோம்பேறி, ஒரு சாமானை வைத்த இடத்தில் வைக்கமாட்டான் என்று அடுக்கினான். சம்பவத்தைப் பற்றிக் கேட்டபோது மட்டும் சுருக்கமாகப் பேசினான். காமிராவை உள்ளே நிறுத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களாம். கதவு தடித்த இரும்பு, வெளியே ஒன்றும் கேட்காதாம். உள்ளே நடப்பதை வெளியிலிருந்து பார்க்கத் தனித் திரை வைக்கவும் பட்ஜெட் இடம் கொடுக்கவில்லையாம்.

இதற்கிடையில் பரிமாறுகிறவன் சிகரெட் புகை போகட்டும் என்று ரஸ்த்கோவின் பின்னாலிருந்த ஜன்னலைத் திறந்தான். வாசல் கதவும் திறந்திருந்தது. ரஸ்த்கோ பாதிப் பேச்சில் எழுந்து ஜன்னலைச் சாத்தச் சொல்லி அதட்டினான். பரிமாறுகிறவன் திரும்பி வருவதற்குள் ரஸ்த்கோ என்னை எழுப்பித் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு என் நாற்காலிக்கு வந்தான். கழுத்துத் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். அதற்கப்புறம்தான் பேச்சே வந்தது.

"எது எப்படியோ மேடம், ஒண்ணு சொல்றேன். கடைசிக் காட்சில அந்தப் பொண்ணு நடிச்ச மாதிரி இந்த ஊர்ல யாரும் நடிச்சதில்ல. அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது. படச்சுருளைப் போலீஸ் அன்னிக்கே தூக்கிட்டுப் போயிட்டாங்க, நான்கூட இன்னும் பாக்கல."

டோப்ரிலா அக்கா விதை கடிப்பதை நிறுத்தினாள். பிறகு, மதியம் குழுவோடு பதுங்கறைக்கு வந்தால் மிச்சமிருக்கும் சாமான்களை எடுத்துக்கொள்ளலாம், போலீஸ் சம்மதித்துவிட்டது என்றாள். போலீஸ் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவள் பொய் சொல்லும்போது குரலில் ஒரு தாய்ப்பாசம் வந்துவிடும்.

காரில் ஏறும்போதே எனக்குக் கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. ரஸ்த்கோவை மனதாரத் திட்டினேன்.

பதுங்கறையின் சாவி குடியிருப்போர் சங்கத் தலைவரிடம் இருந்தது. வீட்டுச் செருப்போடு மாடிப்படியில் மறித்து நின்ற ஓய்வுபெற்ற மனிதர். ஒரு வாரமாக அடித்தளத்திலிருந்து வந்த அலறலில் தன் மனைவிக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்றார். பேய்ப்படம் எடுக்க வந்தவர்களே பேய்களாகத்தான் இருந்தார்கள் என்றார். எங்களையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தார். சாவி கிடையாது என்று கையைக் கட்டிக்கொண்டார்.

"நீங்களும் கூடவே வந்து உட்காருங்க," என்றாள் டோப்ரிலா அக்கா. "யாராவது எதையாவது திருடிட்டுப் போயிடப் போறாங்க."

திருட்டு என்ற சொல் வேலை செய்தது. எங்களுக்கு முன்னால் அவர் இறங்கினார்.

நீளமான கான்கிரீட் அறை. இந்தப் பக்கம் இரும்புக் கதவு. நேர் எதிர்ச் சுவரில், ஆள் உட்கார்ந்தால் கழுத்து உயரத்தில், தலை நுழையும் அளவுக்குத் துவாரம். அதன் கீழே இயக்குநரின் மடக்கு நாற்காலி, அதற்குப் பக்கத்தில் நடிகையின் நாற்காலி. கோஷாவா அந்தத் துவாரத்தில் வாய் வைத்து ஊதிக்கொண்டிருந்தது. உள்ளே பேய் என்று தனியாக ஒன்று தேவையில்லை.

"நான் எதையாவது பேசிட்டே இருப்பேன்," என்று டோப்ரிலா அக்கா என் காதில் சொன்னாள். "கதவு திறந்தே இருக்கணும். சாத்தினா நீ திறந்து விடு. யாரு என்ன பண்றாங்கன்னு மட்டும் பாரு."

"கதவைச் சாத்த எழுந்திரிக்கிறவன்தான் நம்மாளா?"

"பாருன்னுதான் சொன்னேன்."

எனக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எதிரெதிரே இரண்டு வழி திறந்திருந்து நடுவில் காற்று ஓடினால் அதற்கு எங்கள் ஊரில் ப்ரோமாயா என்று பெயர். கழுத்துப் பிடிப்பது முதல் முகம் கோணிப்போவது வரை எங்களுக்கு வரும் நோய் அத்தனைக்கும் அதுதான் காரணம். போர்க்காலத்தில் இதே பதுங்கறைகளில் ஒளிந்தவர்கள், மேலே விமானம் போகும்போது கீழே யார் கதவைத் திறந்து வைத்தது என்று சண்டை போட்டவர்கள். ஆக, ஜாக்கெட்டைத் துவாரத்தில் திணித்தவன் காற்றுக்குப் பயந்தவன். காற்றைக் காட்டினால் மாட்டிக்கொள்வான்.

படக்குழுவில் மூன்று பேர் வந்தார்கள். ரஸ்த்கோ தன் பழைய நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தான். ஒலிப்பதிவாளன் சினிஷா, எங்களைப் பார்க்கப் பிடிக்காமல் தன் கருவிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒப்பனைக்காரி விதா, மிலாதின் மேல் எப்போதும் வெங்காய வாடை அடிக்கும் என்று கேட்காமலே சொன்னாள். அன்றைக்கு உள்ளிருந்து சத்தம் ஏதாவது வந்ததா என்று டோப்ரிலா அக்கா ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டாள். தடித்த இரும்புக் கதவு, ஒன்றும் கேட்காது என்றார்கள். மூன்று பேரும் அதே சொற்களை அதே வரிசையில் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் ஒப்பித்ததுபோல இருந்தது.

பிறகு டோப்ரிலா அக்கா தன் இடுப்பு வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். எந்த டாக்டர் என்ன சொன்னார், எந்தக் களிம்பு காந்தியது, எல்லாவற்றையும் சொன்னாள். காற்று துவாரத்தில் நுழைந்து எங்கள் முதுகு வழியாகக் கதவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் விதா எழுந்தாள். பேச்சைக் கேட்டபடியே போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஆஹா என்று நினைத்துக்கொண்டேன். கதவைத் திறந்து விட்டேன்.

சற்று நேரத்தில் சினிஷா எழுந்தான். கதவைச் சாத்தினான். திரும்பி வரும்போது தன் தொப்பியைக் கழற்றித் துவாரத்தில் வைத்துப் பார்த்தான், நிற்கவில்லை. நான் மறுபடி கதவைத் திறந்தேன்.

அடுத்தது சங்கத் தலைவர். காற்று வாங்கிச் சாகவா பதுங்கறை கட்டினார்கள் என்று முனகிக்கொண்டே செருப்பை இழுத்துப்போய்ச் சாத்தினார். நான் திறந்தேன். ஏற்கெனவே பிடித்திருந்த கழுத்தில் காற்று ஊசியாக ஏறியது. டோப்ரிலா அக்கா என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தாள். அப்போதுதான் கவனித்தேன், என் கையே கதவைப் பாதி சாத்தியிருந்தது.

திட்டம் பாழ். இருந்த அத்தனை பேரும் மாட்டிக்கொண்டாயிற்று, துப்பறிய வந்த நானும் சேர்த்து.

"ரஸ்த்கோ சாரைப் பாத்துக் கத்துக்கங்க," என்றாள் டோப்ரிலா அக்கா. "எத்தனை நேரமா துவாரத்துக்கு நேரா உட்கார்ந்திருக்காரு. அசையல பாருங்க."

உண்மைதான். காற்று அவன் பின்தலை முடியை இரண்டாக வகிடு எடுத்துக்கொண்டிருந்தது. கழுத்துத் துண்டு மடியில் மடித்தபடி இருந்தது. கோயில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"அதெல்லாம் கிழவிங்க பேச்சு மேடம். காத்துப்பட்டா யாரும் சாகறதில்ல."

"காலைல காபிக்கடைல ஒரு ஜன்னலுக்கு எழுந்து ஓடின கழுத்தா இது?"

 எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. என் கழுத்தை நானே தடவிக்கொண்டேன். தடயம் காலையிலிருந்து என் கழுத்திலேயே இருந்திருக்கிறது, நான்தான் களிம்பு தேடிக்கொண்டிருந்தேன்.

"இவங்க எல்லாம் யோசிக்காம எழுந்தாங்க," என்றாள் டோப்ரிலா அக்கா. "மனசுல ஒண்ணும் இல்ல, அதனால கால் தானா நடந்துச்சு. நீங்க மட்டும் யோசிச்சீங்க. எழுந்தா மாட்டிப்போம்னு தெரிஞ்சவன்தான் எழுந்திரிக்காம இருப்பான்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பார்களே, அந்தக் கதை. அவன் வாயால் சொல்லவில்லை, கழுத்தால் சொல்லிவிட்டான்.

ரஸ்த்கோ சிரித்தான். முடி பறப்பதையெல்லாம் நீதிபதியிடம் சாட்சியாகக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றான். ஜாக்கெட் மிலாதினுடையது, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றான்.

"அதனாலதான் மிலாதின் இல்லன்னு சொல்றேன். கோஷாவா அடிக்கிற நாள்ல தன் ஜாக்கெட்டைக் கழட்டி ஓட்டைல திணிச்சிட்டு வெறும் சட்டையோட நிக்கிற மடையன் இந்த ஊர்ல இல்ல. அடுத்தவன் ஜாக்கெட்டைத்தான் திணிப்பான். அது எங்க கிடந்துச்சு விதா?"

விதா தரையைப் பார்த்தாள். தியோதோரா மெல்லிய இரவு உடுப்போடு நடுங்கிக்கொண்டிருந்தாள் என்றும், மிலாதின் தன் ஜாக்கெட்டை அவளுக்குப் போர்த்திவிட்டான் என்றும், காட்சி தொடங்குமுன் அவள் அதைக் கழற்றித் தன் நாற்காலியில் போட்டாள் என்றும் சொன்னாள். அந்த நாற்காலி ரஸ்த்கோ கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இப்போதும் இருந்தது.

டோப்ரிலா அக்கா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சரி, இருப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டு விதையை எடுத்தாள். நான் கதவை முழுசாகத் திறந்து அதன் மேல் சாய்ந்து நின்றேன். கழுத்து போனால் போகட்டும் என்று அன்றைக்கு ஒருநாள் மட்டும் முடிவெடுத்தேன்.

 துவாரம் ஊளையிட்டது. ரஸ்த்கோவின் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காதுப் பக்கம் ஏறின. ஒரு கை மடியிலிருந்த துண்டைப் பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. கண்ணில் நீர் கோத்துவிட்டது. எழுந்து நகரலாம், யாரும் கட்டிப் போடவில்லை. நகர்ந்தால் தோற்றான் என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

"முதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க," என்றான் கடைசியில். "சொல்றேன்."

"சொல்லுங்க. சாத்துறேன்," என்றாள் டோப்ரிலா அக்கா.

சொன்னான். பொறாமை, காதல், பழைய பகை என்று எத்தனையோ எதிர்பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. ஒத்திகை நேரத்தில் பின்கழுத்தில் காற்று அடித்திருக்கிறது. பக்கத்தில் கைக்கு எட்டிய துணியை எடுத்துத் துவாரத்தில் அடைத்திருக்கிறான். பிறகு அப்படி ஒன்று செய்ததையே மறந்துபோய்க் கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறான். போலீஸ் மிலாதினைக் கொண்டுபோனபோது ஞாபகம் வந்திருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று வாயை மூடிக்கொண்டான்.

"கழுத்து வலி மேடம். வேற ஒண்ணும் இல்ல. இது யாருக்கும் நடக்கும்."

அது உண்மை என்பதுதான் எனக்குக் கசந்தது. அந்த அறையில் இருந்த எல்லாருமே சற்று முன்னால் அதைத்தான் செய்திருந்தோம். சங்கத் தலைவர்கூடத் தலையாட்டினார். நான் கதவைச் சாத்தப் போனேன்.

"திறந்தே இருக்கட்டும்டா," என்றாள் டோப்ரிலா அக்கா. "இன்னும் முடியல. அடைச்சது கழுத்துக்காக, ஒத்துக்கறேன். அந்தப் பொண்ணு மாதிரி யாரும் நடிச்சதில்லன்னு காலைல சொன்னீங்களே ரஸ்த்கோ சார். படத்தை நீங்க பாக்கல. வெளிய திரை கிடையாது. இரும்புக் கதவு, ஒண்ணும் கேக்காது. அப்புறம் எதை வச்சு அவ நல்லா நடிச்சான்னு சொன்னீங்க?"

 ரஸ்த்கோ சினிஷாவைப் பார்த்தான். சினிஷா பெட்டியைப் பார்த்தான். விதா அழ ஆரம்பித்தாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை.

"அவ தட்டினா, அக்கா," என்றான் சினிஷா.  "ரொம்ப நேரம் தட்டினா. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. கதைல என் பேரே கிடையாது. எல்லாருக்கும் கேட்டுச்சு. திறக்காதீங்க, நல்லா வருது, கெடுக்காதீங்கன்னு இவரு சொன்னாரு. நாங்க நின்னோம்."

"யாரு திறந்தது?"

"மிலாதின். இவரைத் தள்ளிட்டுப் போய்த் திறந்தான்."

ஆக, அத்தனை பேரில் கதவைத் திறந்தவன் ஒருவன். அவன் பேச்சை நம்ப ஆளில்லாமல் சிறையில் இருந்தான். திறக்காத மூன்று பேர் வெளியே இருந்தார்கள், ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு. இந்த வேலையில் கொலைகாரர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு உட்கார்ந்து காபி குடிக்கவும் முடிந்திருக்கிறது. அன்று அந்த அறையில் எனக்கு மூச்சு முட்டியது, அத்தனை காற்று அடித்தும்.

சங்கத் தலைவர் எழுந்து ரஸ்த்கோவின் முன்னால் வந்து நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவன் காலடியில் துப்பிவிட்டுப் படியேறிப் போனார். போகும்போது கதவைச் சாத்தவில்லை.

மூவரையும் ஏற்றிக்கொண்டு நானே காவல் நிலையத்துக்கு ஓட்டினேன், நான்கு ஜன்னலையும் இறக்கிவிட்டு.  ரஸ்த்கோ உள்ளே தங்கினான். மற்ற இருவரும் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். மிலாதினை விட்டுவிட்டார்கள். ஜாக்கெட்டை மட்டும் விடவில்லை, சாட்சியமாம். கோஷாவாவில் வெறும் சட்டையோடு வீடு வரை நடந்தே போனானாம்.

மறுநாள் தியோதோரா கண் விழித்தாள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது. அன்று மதியம் ரூஷா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். சிறிய சமையலறை. புகையிட்ட இறைச்சி போட்ட வெள்ளை பீன்ஸ் குழம்பு, ரொட்டி, பச்சை வெங்காயம். வெங்காய வாடை பற்றி விதா சொன்னதில் தப்பில்லை. மிலாதின் பெரிய கைகளும் சின்னக் குரலும் உள்ள மனிதன். நன்றி சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு என் தட்டில் இறைச்சியாகப் பொறுக்கிப் போட்டான்.

கதவு தட்டப்பட்டது.

ரூஷா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். முகம் இறுகியது. சினிஷாவும் விதாவும் ரக்கியா சாராய பாட்டிலோடு நிற்கிறார்கள் என்றாள். "திறக்காதே. தட்டட்டும். தட்டித் தட்டிக் கை வலிக்கட்டும். அந்தப் பொண்ணு எவ்வளவு நேரம் தட்டினா?"

நாங்கள் சாப்பிட்டோம். மறுபடி தட்டினார்கள். டோப்ரிலா அக்கா ரொட்டியைப் பிய்த்தாள். நான் தலை நிமிரவில்லை. ரூஷா சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

மூன்றாம் தரம் தட்டியபோது மிலாதின் கரண்டியைக் கீழே வைத்தான். தங்கையைப் பார்த்தான். தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவனால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய்த் திறந்தான்.

படிக்கட்டிலிருந்து காற்று உள்ளே புகுந்து மேசைத் துணியைத் தூக்கியது. வெளியே இருவரும் நின்றார்கள். பாட்டிலை நீட்டினார்கள். அவன் வாங்கவில்லை.

"ஒண்ணு உள்ள வாங்க, இல்லன்னா போங்க," என்றான் மிலாதின். "காத்தடிக்குது."

அவன் கதவைப் பிடித்தபடி நின்றான். குழம்பு ஆறும்வரை நின்றான். வாசலைத் தாண்டிக் கால் வைக்க இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை.

பிறகு சாத்தினான்.